போர் விட்டுச்சென்ற மூன்று பிள்ளைகளும் ஒரு கடதாசி வளையமும்

முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சி வகுப்புகளில் நான் வழக்கமாகச் செய்யும் வேலைகள் இரண்டு. சதுரமாக வெட்டிய எட்டுக் கடதாசிகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, பசையோ நூலோ இல்லாமல் ஒரு வளையம் மடித்துக் கோக்கப் பழக்குவது ஒன்று. கைகள் மடித்துக்கொண்டிருக்கும்போது பிரடெரிக் புரோபலின் கதையைச் சொல்வது மற்றது. ஆசிரியர் கலாசாலைக் குறிப்புகளில் அவர் ரூசோவுக்கும் மொண்டிசோரிக்கும் நடுவே நாலு வரியில் நிற்பார். ஜேர்மனியர், மழலையர் தோட்டத்தின் தந்தை, விளையாட்டு வழிக் கல்வி, பரிசுகள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த மனிதர் எங்கிருந்து தொடங்கினார் என்பது அந்த நாலு வரிக்குள் இல்லை. போர் ஓய்ந்த ஒரு நிலத்தில், போர் கொண்டுவந்த காய்ச்சலுக்குத் தகப்பனைக் கொடுத்த மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் அவர் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் இந்தக் கதையை யாரும் முழுதாகச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

புரோபல் 1782 ஏப்ரல் 21 இல், துரிங்கியா மலைக்காட்டுக்குள் இருக்கும் ஓபர்வைஸ்பாக் என்ற கிராமத்தில் பிறந்தார். ஜேர்மனி என்று ஒரே நாடு அப்போது இல்லை. பெரிதும் சிறிதுமாகப் பல அரசுகள் இருந்தன. தந்தை லூதரன் சபைப் போதகர். பல கிராமங்கள் அவர் பொறுப்பில் இருந்தபடியால் வீட்டில் இருந்த நேரம் குறைவு. பிள்ளைக்கு ஒன்பது மாதமாக இருக்கும்போது தாய் இறந்துபோனார். சில வருடங்களில் தந்தை மறுமணம் செய்தார். வந்த சிற்றன்னை முதலில் பிள்ளையை அணைத்துத்தான் வைத்திருந்தார். தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்ததும் அந்த அணைப்பு நின்றது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. தமிழைப் போலவே ஜேர்மன் மொழியிலும் நெருக்கத்துக்கு ஒரு சொல், தூரத்துக்கு ஒரு சொல் உண்டு. சிற்றன்னை அவரை நீ என்று அழைப்பதை நிறுத்திவிட்டு, முன்னால் நிற்கும் பிள்ளையைப் பார்த்தே அவன் என்று பேசத் தொடங்கினார். வேலைக்காரரிடம் பேசுவதற்கு அந்தக் காலத்தில் வைத்திருந்த முறை அது. நாற்பத்தைந்து வயதில் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நீண்ட கடிதமொன்றில் புரோபல் இதை மறக்காமல் குறித்திருக்கிறார். அடித்ததையோ பட்டினி போட்டதையோ அல்ல, ஒரு சொல் மாறியதைத்தான் அந்த மனிதர் நாற்பது வருடம் நினைவில் வைத்திருந்தார். உறவினர் வீடுகளில் வளரும் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

படிப்பிலும் மந்தம் என்று தந்தை முடிவு கட்டினார். கிராமத்துப் பெண்பிள்ளைகளின் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். வீட்டில் அவருக்காகப் பேசிய ஒரே ஆள் மூத்த அண்ணன் கிறிஸ்தோப். பத்து வயதில் தாய்மாமன் ஒருவர் வந்து ஸ்ராட்டில்ம் என்ற ஊருக்குக் கூட்டிச்சென்றார். அங்கேதான் முதல் தடவையாக மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடினார். அதன் பிறகு கிட்டத்தட்டப் பதின்மூன்று வருடங்கள் ஓர் இடத்திலும் நிலைக்கவில்லை. வனக்காவலர் ஒருவரிடம் இரண்டு வருடம் தொழில் பழகினார். ஜெனா பல்கலைக்கழகத்துக்குப் போய், கடன் கட்ட முடியாமல் 1801 இல் ஒன்பது வாரம் பல்கலைக்கழகச் சிறையில் இருந்தார். நில அளவை, எழுதுவினைஞர் வேலை, பண்ணைக் கணக்கு என்று அலைந்தார். 1805 இல் கட்டடக்கலை படிக்கவென்று பிராங்க்பேர்ட்டுக்குப் போனவரை அங்கிருந்த மாதிரிப் பள்ளியின் தலைவர் குரூனர் வகுப்பறைக்குள் இழுத்துவிட்டார். இருபத்துமூன்று வயதில் முதல் வகுப்பை எடுத்த கையோடு, இதுதான் தன்னுடைய இடம் என்று கிறிஸ்தோப் அண்ணனுக்கு எழுதினார்.

பிறகு சுவிற்சர்லாந்தின் இவர்டன் நகரில் பெஸ்டலோசியிடம் 1808 முதல் 1810 வரை இருந்து பார்த்தார். பெஸ்டலோசியின் அன்பு அவருக்குப் பிடித்தது. பாடங்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகக் கிடந்தது பிடிக்கவில்லை. பிறகு கோட்டிங்கன், அங்கிருந்து பேர்லின். பேர்லினில் வைஸ் என்ற பேராசிரியரிடம் பளிங்குக் கற்களின் வடிவங்களைப் படித்தார். ஓர் உப்புக்கல்லின் சின்னஞ்சிறு துணுக்கிலும் முழுக் கல்லின் ஒழுங்கு அப்படியே இருக்கிறது என்பது அவர் தலையில் ஆழமாக இறங்கியது. பின்னால் கடதாசிக்கு வரும்போது இதை மறந்துவிடக் கூடாது.

1813 இல் நெப்போலியனுக்கு எதிரான போர் தொடங்கியது. புரோபல் பிரஷியாக் குடிமகன் அல்ல, அவரை யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனாலும் லூட்சோ தொண்டர் படையில் சேர்ந்தார். ஆயுதம் தூக்கக்கூடிய ஒருவன் அதைத் தூக்காமல் இருந்துவிட்டு, நாளைக்கு அதே மண்ணின் பிள்ளைகளுக்கு முன்னால் எப்படி ஆசிரியனாக நிற்பது என்பதுதான் அவருடைய நியாயம். இந்த நியாயத்தை நாங்களும் பல வாய்களில் கேட்டவர்கள். அதற்குக் கொடுத்த விலையும் எங்களுக்குத் தெரியும். ஆகவே இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. அவர் பெரிய சமர்களில் நின்ற வீரரும் அல்லர். நடந்ததும் காத்திருந்ததும்தான் அதிகம். படையில் அவருக்குக் கிடைத்த சொத்து இரண்டு நண்பர்கள், மிடன்டோர்வ், லங்கெத்தால். இரவுகளில் நெருப்பைச் சுற்றி இருந்து இவர் கல்வியைப் பற்றிப் பேசப் பேச அவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே வருடம் ஒக்டோபரில் லைப்சிக் நகருக்கருகே நெப்போலியன் தோற்றார். பின்வாங்கிய பிரெஞ்சுப் படை துரிங்கியாவின் ஊடாகவே மேற்கே போனது. காயக்காரரும் தைபஸ் காய்ச்சல்காரரும் வழியெங்கும் கிடந்தார்கள். கிரீஸ்ஹைம் என்ற கிராமத்தில் கிறிஸ்தோப் அண்ணன் போதகராக இருந்தார். வந்தவர்கள் எதிரிப் படையினர். இருந்தும் அவர்களைப் பராமரித்தார். காய்ச்சல் அவருக்கும் தொற்றியது, இறந்துபோனார். மனைவியும் மூன்று ஆண்பிள்ளைகளும் மிஞ்சினர்.

போருக்குப் பிறகு புரோபலுக்கு பேர்லின் கனிப்பொருள் நூதனசாலையில் வேலை கிடைத்தது. பூட்டிய அறைக்குள் பளிங்குக் கற்களை வகைப்படுத்தும் வேலை. சம்பளமும் மரியாதையும் உண்டு. இரண்டு வருடம் இருந்தார். 1816 இல் அதை விட்டுவிட்டுக் கிரீஸ்ஹைமுக்குப் போனார். அண்ணனின் மூன்று பிள்ளைகள், இன்னோர் அண்ணனின் இரண்டு பிள்ளைகள், மொத்தம் ஐந்து பேர். நவம்பர் 13 இல் ஒரு விவசாயியின் வீட்டில் பள்ளியைத் தொடங்கி, அதற்குப் பொது ஜேர்மன் கல்வி நிலையம் என்று பெயர் வைத்தார். ஐந்து பிள்ளைக்கு அவ்வளவு பெரிய பெயர். அண்ணனின் மகன்களில் ஜூலியஸுக்குப் பதினொரு வயது, கார்லுக்கு ஒன்பது, தியோடோர் இளையவன். கார்ல் என்ற இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் திரும்ப வரும்.

அடுத்த வருடம் பள்ளி கைல்ஹாவ் என்ற பக்கத்துக் கிராமத்துக்கு மாறியது. படை நண்பர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். மிடன்டோர்வ் கடைசிவரை விட்டுப்போகவே இல்லை. 1818 இல் வில்ஹெல்மினே ஹொவ்மைஸ்டர் என்ற பேர்லின்காரியை மணந்தார். படித்த, வசதியான குடும்பத்துப் பெண். சரியாகக் கட்டி முடியாத வீட்டுக்கும் கடனுக்கும் நடுவே வந்து, பள்ளியில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தாயாக நின்றார். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. 1826 இல் மனிதனின் கல்வி என்ற நூலைப் புரோபல் தானே வெளியிட்டார். உள்ளதைச் சொன்னால், வாசிக்க மிகக் கடினமான எழுத்து. வசனங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கொண்டே போகும். அவர் கையால் செய்ததை வாயாலும் பேனாவாலும் சொல்லத் தெரியாதவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையில் பிரஷிய அரசுக்குக் கைல்ஹாவ் மீது சந்தேகம் வந்தது. நீண்ட தலைமுடியும் பழைய பாணி உடையும் சுதந்திரப் பேச்சுமாகத் திரிகிற ஆசிரியர்கள், அவர்களில் சிலர் முன்னாள் தொண்டர் படையினர். போராடப் போனபோது வாழ்த்தி அனுப்பிய அதே அரசுகள், போர் முடிந்த பிறகு அவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தன. பள்ளியைப் பார்வையிடப் போன அதிகாரி நல்ல அறிக்கைதான் கொடுத்தார். பெற்றோரின் பயத்தை அறிக்கை மாற்றவில்லை. அறுபது அளவில் இருந்த மாணவர் தொகை 1829 இல் ஐந்தாறு பேராகச் சுருங்கியது.

1831 இல் சுவிற்சர்லாந்துக்குப் போனார். 1835 இல் பேர்க்டோர்வ் நகரின் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்தார். அங்கே அவருக்கு ஒன்று தெளிவானது. ஏழு வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் நாங்கள் குறையென்று கண்டுபிடிப்பது எல்லாம் அதற்கு முந்திய ஆறு வருடங்களில் நடந்தது அல்லது நடக்காமற்போனது. அந்த ஆறு வருடங்களைப் பற்றி எந்த அரசும் எந்தப் பள்ளியும் அப்போது கவலைப்படவில்லை. ஒன்பது மாதத்தில் தாயை இழந்தவருக்கு இது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு விளங்கியதென்றால், அது படித்து விளங்கியதாக இருக்க முடியாது.

துரிங்கியாவுக்குத் திரும்பி 1837 இல் பிளங்கன்பேர்க் என்ற சிற்றூரில் குடியேறினார். அவர் வேலை தொடங்கிய கட்டடம் கைவிடப்பட்ட ஒரு வெடிமருந்து ஆலை. துவக்குக்கு மருந்து அரைத்த இடத்தில் பந்தும் மரக்குற்றியும் செய்தார். அவைதான் குறிப்புப் புத்தகத்தில் பரிசுகள் என்று வருகிறவை. முதலாவது பரிசு ஆறு நிறங்களில் கம்பளி நூலால் பின்னிய ஆறு மென்பந்துகள். இரண்டாவது மரத்தால் செய்த கோளம், உருளை, கனசதுரம். மூன்றாவது பரிசு எட்டுச் சிறிய கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம்.

மூன்றாவது பரிசுக்கு ஒரு விதி இருக்கிறது. பெட்டியைக் கவிழ்த்து மெல்லத் தூக்க வேண்டும். எட்டுத் துண்டும் ஒரே கட்டையாக மேசையில் நிற்கும். பிள்ளை அதைப் பிரித்துக் கதிரை செய்யலாம், கிணறு செய்யலாம், படிக்கட்டுச் செய்யலாம். ஆனால் எட்டையும் பாவிக்க வேண்டும், ஒன்றும் மிஞ்சக் கூடாது. அடுத்த வடிவத்துக்குப் போகும்போது இருந்ததை இடித்துத் தள்ளக் கூடாது. துண்டுகளை நகர்த்தி நகர்த்தியே புதியது வர வேண்டும். கடைசியில் எட்டும் மறுபடி ஒரு கட்டையாகிப் பெட்டிக்குள் போக வேண்டும். ஒன்றையும் உடைக்காமல், ஒன்றையும் வெளியே விடாமல் மாற்றிக்கொண்டே போவது. வீடு இடிந்ததைப் பார்த்த பிள்ளைகளோடு இந்த விதியை வைத்து வேலை செய்திருக்கிறேன். கட்டியதை ஒரே அடியில் தட்டிவிடுவதில்தான் அவர்களுக்கு முதலில் ஆர்வம் இருக்கும். சில கிழமைகள் போனபின், தள்ளாமல் நகர்த்தும் பிள்ளை ஒன்று வரும். மற்றவை அதைப் பார்க்கும்.

பரிசுகளுக்குப் பிறகு வருவன கைவேலைகள். கடதாசியில் துளையிடுதல், வெட்டுதல், பின்னுதல், மடித்தல். மடித்தலுக்குத் தேவையான சதுரத்தை ஆசிரியை வெட்டிக் கொடுப்பது முறையல்ல. ஒழுங்கில்லாத ஒரு கடதாசியிலிருந்து பிள்ளையே மடித்து நேர்விளிம்பைக் கண்டுபிடித்து, சதுரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர்களின் பயிற்சி வகுப்பில் நேரம் போதாததால் நான் வெட்டிக் கொடுத்துவிடுகிறேன், அது வேறு கதை. சதுரத்திலிருந்து மூன்று வகை வடிவங்கள் வரும் என்றார் புரோபல். தோணி, வீடு, தொப்பி போன்ற வாழ்க்கை வடிவங்கள். பாதி, கால், அரைக்கால், முக்கோணம் என்ற அறிவு வடிவங்கள். நடுப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீராக விரியும் அழகு வடிவங்கள்.

எட்டுத் துண்டு வளையம் அவருடையதல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது இருபதாம் நூற்றாண்டில் வந்தது. நத்தார் காலத்தில் நாலு கடதாசி நாடாக்களைப் பின்னிச் செய்யும் நட்சத்திரத்துக்குப் புரோபல் நட்சத்திரம் என்றே பெயர் இருக்கிறது. அதையும் அவர் கண்டுபிடித்ததற்குச் சான்று இல்லை. ஆனாலும் அவருடைய எண்ணத்தைக் கையில் வைத்துக் காட்ட இந்த வளையத்தைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

செய்முறை சுலபம். கொப்பி ஒற்றையில் வெட்டிய, ஒரே அளவான எட்டுச் சதுரங்கள் போதும். ஒன்றை எடுத்து நெடுக்காகப் பாதியாக மடித்து விரித்தால் நடுவில் ஒரு கோடு விழும். மேல் மூலைகள் இரண்டையும் அந்தக் கோட்டுக்கு மடித்தால் கூரை போட்ட வீடு மாதிரி வரும். மடித்த மூலைகள் உள்ளே போகும்படி, நடுக்கோட்டில் வீட்டை இரண்டாக மடிக்க வேண்டும். இப்போது கீழே, மடிப்புப் பக்கத்தில் ஒரு மூலை இருக்கும். அந்த மூலையை இரண்டு தட்டுகளுக்கும் நடுவே உள்ளே தள்ளி அமர்த்தினால் சாய்ந்த நாற்பக்கம் ஒன்று கிடைக்கும். அதன் ஒரு முனை கூர், மறுமுனை இரண்டு கால்களாகப் பிரிந்து நிற்கும். இப்படி எட்டு. ஒன்றை அடுத்ததின் கால்களுக்கு நடுவே செருகி, வெளியே நீட்டும் இரண்டு கால்நுனிகளையும் உள்ளே மடித்துவிட வேண்டும். நுனி மடிப்பு இறுகிவிடக் கூடாது, துண்டு வழுக்க வேண்டும். எட்டாவது துண்டு முதலாவதைப் பிடித்துக்கொள்ளும்போது வட்டம் மூடும். ஒவ்வொரு துண்டின் கூர்க்கோணமும் 45 பாகை, எட்டுச் சேர்ந்தால் 360. ஆகவேதான் எட்டு. வெளியே மெல்ல இழுத்தால் நடுவில் துளை திறந்து எண்கோண வளையமாகும். உள்ளே தள்ளினால் துளை மூடி, எட்டு முனை நட்சத்திரமாகும்.

தனித்துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது அரைகுறையான பொருளாகத் தெரியாது. அதற்கென்று முகமும் முதுகும் காலும் கூரும் உண்டு. அதேநேரம் அந்தக் கால்கள் இன்னொரு துண்டைப் பிடிப்பதற்கென்றே இருக்கின்றன. புரோபல் இதற்கென்று ஒரு சொல்லை உருவாக்கி வைத்திருந்தார். தமிழில் உறுப்பு-முழுமை என்று சொல்லலாம். ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு முழுமை, அதே நேரத்தில் தன்னைவிடப் பெரிய ஒன்றின் உறுப்பு. இரண்டில் எதையும் மற்றதற்காக விட்டுக்கொடுக்க முடியாது. உப்புக்கல்லில் பார்த்ததைத்தான் பிள்ளையிலும் பார்த்தார். குடும்பம், ஊர், நாடு என்று பெரியவற்றின் பெயரால் பிள்ளைகளை வெறும் துண்டுகளாக எண்ணிய காலமொன்றை நாங்கள் கடந்து வந்திருக்கிறோம். பெரியது ஒன்றும் மிஞ்சாமல் துண்டுகள் மட்டும் தனித்தனியாகக் கிடந்த காலத்தையும் கண்டிருக்கிறோம். பயிற்சி வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போது நான் விளக்கம் சொல்வதைக் குறைத்துக்கொள்வேன். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு என்னைவிட அதிகம் தெரியும்.

1839 மே மாதத்தில் வில்ஹெல்மினே காலமானார். இருபது வருடம் கடனையும் அவதூறையும் கூடச் சுமந்தவர், அந்த முயற்சிக்கு ஒரு பெயர் கிடைப்பதைப் பார்க்க இருக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்துகொண்டிருக்கும்போது புரோபலுக்கு அந்தப் பெயர் தோன்றியதாகச் சொல்வார்கள். கிண்டர்கார்டன், பிள்ளைகளின் தோட்டம். 1840 யூன் 28 இல் பிளங்கன்பேர்க்கில் அது முறையாகத் தொடங்கியது. பெயருக்கேற்ப அங்கே மண்ணும் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு சின்னப் பாத்தி, அவற்றைச் சுற்றி எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். வளையத்தின் கணக்கேதான் மண்ணிலும்.

நடத்துவதற்கு அவர் தெரிவுசெய்தது இளம் பெண்களை. அந்தக் காலத்தில் பாடசாலை ஆசிரியர் தொழில் பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்ணைப் பயிற்றுவித்து, சம்பளம் கொடுத்து, ஆசிரியை என்று நிறுத்துவதை நண்பர்களிலும் பலர் சிரிப்பாகவே பார்த்தார்கள். 1849 இல் லீபன்ஸ்டைன் என்ற ஊரில், அறுபத்தேழு வயதில், வெறுங்காலுடன் வந்த கிராமத்துப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் பாடி ஆடிக்கொண்டிருந்தவரை ஊர் கிழட்டுப் பைத்தியம் என்று கூப்பிட்டது. அதைக் கேள்விப்பட்டு, பார்க்கலாமென்று போன பிரபுக் குடும்பத்துப் பெண்மணி பெர்த்தா பொன் மாரென்ஹோல்ட்ஸ் பூலோ, அன்றிலிருந்து தன் மிச்ச வாழ்க்கையை அந்தப் பைத்தியத்துக்கே கொடுத்தார். ஐரோப்பா முழுவதும் மழலையர் தோட்டம் பரவியதில் அவருடைய பங்கு மிகப் பெரியது. முன்பள்ளி ஆசிரியைகளைப் பிள்ளை பார்க்கிறவர்கள் என்று குறைவாகப் பேசுவதும், அதற்கேற்ப அவர்களுக்குக் கொடுப்பதும் எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை. ஆகவே இதைச் சொல்லும்போது வகுப்பில் எப்போதும் ஒரு சிரிப்பு எழும்.

1848 இல் ஜேர்மன் அரசுகளில் புரட்சி வெடித்து, அடுத்த வருடமே நசுக்கப்பட்டது. கிரீஸ்ஹைம் பிள்ளைகளில் மூத்தவரான ஜூலியஸ் அதில் முன்னணியில் நின்றார். வியன்னாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, மன்னிக்கப்பட்டு உயிர் தப்பினார். தம்பி கார்ல் பெண்களின் உயர்கல்வியும் மழலையர் தோட்டமும் பற்றி 1849 இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சித்தப்பாவுக்கும் இந்தப் பெறாமக்களுக்கும் உறவு எப்போதோ கசந்திருந்தது. கருத்திலும் அவர்கள் வெகுதூரம் விலகியிருந்தார்கள்.

1851 ஓகஸ்ட் 7 இல் பிரஷியாவின் கல்வி அமைச்சர் பொன் ராவ்மர், அந்த நாட்டில் மழலையர் தோட்டங்களைத் தடைசெய்தார். அவை புரோபலின் சோசலிச முறையின் பகுதி, பிள்ளைகளை நாத்திகத்துக்குப் பழக்குகின்றன என்பது குற்றச்சாட்டு. சான்றாகக் காட்டப்பட்டது கார்லின் நூல். போதகரின் மகன், போதகரின் தம்பி, பந்தை உருட்டினாலும் அதில் கடவுளின் ஒருமையைக் காண்கிறவர், நாத்திகர் ஆனார். தான் வேறு, பெறாமகன் வேறு என்று புரோபல் எழுதி அனுப்பினார். பயிற்சி நிலையத்தை வந்து பார்க்கும்படி கேட்டார். அரசனுக்கும் விண்ணப்பித்தார். தடை அசையவில்லை. போர்க் காய்ச்சலில் இறந்த அண்ணனின் பிள்ளை என்பதற்காகவே, இருந்த வேலையை எறிந்துவிட்டுப் போய் அவர் வளர்த்த ஒன்பது வயதுச் சிறுவன்தான் அந்தக் கார்ல்.

பெயர் ஒன்றாயிருந்ததால் வந்த தவறுதான் எல்லாம் என்று சில நூல்கள் முடித்துவிடுகின்றன. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. அப்போது அந்த அரசு பயந்துபோய் இருந்தது. நாலு வயதுப் பிள்ளையைத் தானாகச் சிந்திக்க விடுகிற இடமொன்று, தன் கட்டளைக்கு வெளியே, பெண்களின் கையில் இயங்குவது எப்படிப்பட்ட அரசுக்கும் உறுத்தலாகவே இருந்திருக்கும். முன்பள்ளி யாருடைய கையில் இருப்பது, யாருடைய சீருடையில் இருப்பது என்ற கேள்வியைக் கேட்டுப் பழகிய எங்களுக்கு இது விளங்காத விஷயமல்ல.

தடைக்குச் சில கிழமைகளின் முன்புதான், 1851 யூனில், தன்னிடம் பயின்ற லூயிசே லெவினைப் புரோபல் மணந்திருந்தார். அடுத்த வருடம் ஏப்ரலில் எழுபதாவது பிறந்தநாளை மரியந்தால் பயிற்சி நிலையத்தில் பிள்ளைகளும் மாணவிகளும் பூக்களோடு கொண்டாடினார்கள். 1852 யூன் 21 இல் அங்கேயே இறந்தார். அருகிலுள்ள ஷ்வைனா என்ற ஊரில் புதைத்தார்கள். கல்லறையின் மேல் இருப்பது கனசதுரம், உருளை, கோளம், அந்த இரண்டாவது பரிசு.

தடையை 1860 இல் எடுத்தார்கள். அதற்கு முன்பே, பிரஷியாவில் இடமில்லாதபடியால், அவருடைய மாணவிகள் வெளியே போய்விட்டிருந்தார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா என்று போன இடமெல்லாம் கடதாசியும் கூடவே போனது. 1876 இல் டோக்கியோவின் பெண்கள் ஆசிரிய கலாசாலையோடு ஜப்பானின் முதல் அரச மழலையர் தோட்டம் திறந்தபோது, கடதாசி மடிப்பு அங்கே பாடமாயிற்று. ஜப்பானியருக்கு நூற்றாண்டுகளாகச் சொந்த மடிப்புக் கலை இருந்தது. புரோபலின் சதுரங்கள் அதோடு போய்க் கலந்தன. இன்று ஒரிகாமி என்று நாங்கள் சொல்வதில் இரண்டு ஊரின் மடிப்பும் இருக்கிறது.

எங்களுக்குப் பக்கத்திலும் ஒரு தடயம் உண்டு. 1893 இல் சென்னையில் தண்டலம் சுந்தர ராவ் என்பவர் கடதாசி மடிப்பில் கேத்திரகணிதப் பயிற்சிகள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கவராயமும் அளவுகோலும் இல்லாமல், வெறும் மடிப்பினாலேயே ஐங்கோணம், அறுகோணம் முதல் வளைகோடுகள் வரை காட்டும் நூல் அது. மழலையர் தோட்டத்தின் எட்டாவது பரிசான கடதாசி மடிப்புத்தான் தனக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்று முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். முதல் அத்தியாயம் ஒழுங்கில்லாத ஒரு கடதாசியிலிருந்து சதுரம் எடுப்பதில் தொடங்குகிறது. ஜேர்மன் கணித அறிஞர் பீலிக்ஸ் கிளைன் தன் நூலொன்றில் இதைக் குறிப்பிட, அமெரிக்காவில் 1901 இல் புதிய பதிப்பு வந்தது. நூற்றாண்டு கடந்தும் அது அச்சில் இருக்கிறது.

புரோபலைப் பின்பற்றியவர்கள் எல்லோரும் அவரை விளங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பரிசுகளை இலக்கப்படி அடுக்கி, மணியடித்ததும் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே மடிப்பை மடிக்கும் அணிவகுப்பாக மாற்றியவர்கள் பலர். அவருடைய விளக்கங்களில் இருந்த மூடுமந்திரமும் அதற்கு இடம் கொடுத்தது. இப்போது எங்கள் பெற்றோர் கேட்பது அதுகூட இல்லை. நாலு வயதில் எழுத்து, ஐந்து வயதில் வாய்ப்பாடு, புலமைப்பரிசிலுக்கு இப்போதிருந்தே ஆயத்தம். எல்லாவற்றையும் இழந்தவர்களுக்குப் படிப்பு ஒன்றுதான் கையில் மிஞ்சியது என்பதால் அந்தப் பதற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கடதாசி மடிப்பதால் என்ன வரும் என்று கேட்கும் தாய்மாருக்கு 45 பாகையையும் 360 பாகையையும் சொல்லி ஒப்பேற்றிவிடுகிறேன்.

லூயிசேயைப் பற்றி ஒரு வார்த்தை. கணவர் இறந்தபோது அவருக்கு முப்பத்தேழு வயது. திருமணமாகி ஏறக்குறைய ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தடை நடைமுறையில் இருந்தது, சொத்து என்று எதுவும் இல்லை. மிடன்டோர்வோடு சேர்ந்து பயிற்சியைத் தொடர்ந்தார். அடுத்த வருடமே மிடன்டோர்வும் இறந்துபோனார். பிரஷியாவின் தடை எட்டாத ஹம்பேர்க் நகருக்குப் போய், அங்கே மழலையர் தோட்ட ஆசிரியைகளைப் பயிற்றினார். தடை போனதையும், கணவரின் பெயரில் சங்கங்கள் எழுந்ததையும், ஜப்பான் வரை அந்தச் சொல் போனதையும் பார்த்துவிட்டு, 1900 ஆம் ஆண்டில் எண்பத்துநாலாவது வயதில் காலமானார்.